கழிவுக்குழியில் ஒரு மிளகு

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளை, "அன்ரி, உங்கட வேலையைப் பற்றி எழுதித் தாங்கோ. வாசிக்கிற பிள்ளையளுக்கு ஒரு ஊக்கமா இருக்கோணும்" என்றாள். நான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை ஐரோப்பாவின் பழைய கழிவுக்குழிச் சேற்றை அரித்துப் பார்ப்பதில் செலவழித்தவள். அதில் ஊக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எழுதுறன். ஆனா சாப்பிட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம் எண்டு மேல போட்டு விடுங்கோ" என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

சேறு என்றால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் ஒரு ஊர் என்ன தின்றது என்று அறிய அதைவிட நம்பிக்கையான சாட்சி கிடையாது. அரசர்கள் எழுதி வைத்ததெல்லாம் விருந்துக் கதைகள். வீட்டுக்குப் பின்னால் தோண்டி, பலகை அடித்து, தலைமுறை தலைமுறையாகப் பாவித்த குழிக்குள் விழுந்ததுதான் உண்மைச் சாப்பாடு. ஈரமும் காற்றில்லாத இருட்டும் சேர்ந்தால் அத்திப்பழ விதை அறுநூறு வருடத்துக்கும் அப்படியே கிடக்கும். இப்போது ஒரு துளிச் சேற்றை இயந்திரத்துக்குள் வைத்தால் அது பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறதாம். நல்லது, எனக்கு அதில் பொறாமை இல்லை. மத்திய ஐரோப்பாவின் பழைய நகரங்களில் மிளகும் ஏலமும் கிடைத்தன என்பதும் இப்போது பெரிய செய்தி இல்லை. நான் சொல்லப்போவது அது பெரிய செய்தியாக இருந்த காலத்தின் கதை. ஒரு மிளகுக்காக என் வேலை போகப் பார்த்த கதை.

படித்த காலத்தை நீட்டி முழக்க மாட்டேன். கொழும்பில் தாவரவியல் படித்தேன், கலியாணம் செய்தேன், எழுபதுகளின் நடுப்பகுதியில் அவரோடு மெல்பேர்ணுக்கு வந்தேன். அவருடைய கணக்காளர் படிப்பை இங்கே யாரும் சட்டை செய்யவில்லை. கார்த் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனார். நான் கோதுமை மூட்டைகளில் களை விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்கக் கூடம் ஒன்றில் கொஞ்சக் காலம் இருந்தேன். அங்கேதான் கண் பழகியது. பிறகு கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்முகத்தில் ஒரு கேள்விதான். ஒரு தட்டில் நூறு சாமான் கலந்து வைத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டார் டாக்டர் வேரா.

வேரா பொகீமியாக்காரி, அந்தக் காலத்துச் செக்கோஸ்லோவாக்கியா. சொந்த நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்த வருடம் ஒரு சூட்கேசோடு வெளியேறியவர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நரைத்த தலையை ஆண்பிள்ளை போல வெட்டியிருப்பார், பல்லுக்கிடையில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட் ஒன்று இருக்கும். ஆய்வுகூடத்தில் புகைக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். ஆகவே கடித்துக்கொண்டே திரிவார். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான், ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் என் காதில் "நீ" என்றுதான் விழுந்தது. நான் அவருக்கு மனதுக்குள்ளும் "நீங்கள்"தான் போட்டேன்.

அன்று அந்தத் தட்டைப் பார்த்து நான் கடகடவென்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினேன். படித்த திமிர். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பெயர் கேட்கவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டேன். பெயர் சொன்னவுடன் கண் மூடிக்கொள்ளும். முதலில் வரை. பெயர் கடைசியில்."

அதுதான் அவருடைய வேதம். சேற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அரிதட்டுகளில் மெல்லிய தண்ணீர் ஓடவிட்டு அரிப்போம். பெரிய கண் தட்டில் பழக்கொட்டையும் மீன்முள்ளும் நிற்கும். சின்னக் கண் தட்டில் கண்ணுக்குத் தெரியாத விதைகள் தங்கும். ஒன்றையும் காயவிடக் கூடாது, காய்ந்தால் வெடித்துவிடும். ஈரத்தோடு கண்ணாடித் தட்டில் பரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, நாலைந்து மயிர் மட்டும் விட்ட தூரிகையால் ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். சந்தேகமானதைச் சாமணத்தால் தொடாமல் முதலில் பென்சிலால் வரைய வேண்டும். எத்தனை வரி, எங்கே குழி, எங்கே தழும்பு. வேரா பின்னால் வந்து நின்று என் படத்தைப் பார்ப்பார், பிறகுதான் சாமானைப் பார்ப்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். முதல் மாதம் நான் கிழிபடாத நாளே இல்லை. வீட்டில் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று வைப்பேன். வீட்டு மனுஷன், "பாத்திரம் என்னப்பா செய்தது?" என்று கேட்பார்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து நாலு மாதத்தில் திரும்ப வேலைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் அந்தப் போத்தல்கள் வந்தன.

பொகீமியாவில் ஆற்றங்கரைப் பழைய நகரம் ஒன்றில், தோல் பதனிடுவோரும் கொல்லரும் குடியிருந்த ஒரு ஒழுங்கையில், புது வீடு கட்டத் தோண்டியபோது பதினாலாம் நூற்றாண்டுக் கழிவுக்குழி ஒன்று வெளிப்பட்டது. அந்த அகழ்வில் இருந்தவர் வேராவின் பழைய மாணவர். ஓடிப்போன பேராசிரியைக்கு எதையும் அனுப்பினால் அவருடைய வேலை போய்விடும். ஆனாலும் யாரோ மூலம் வியன்னாவுக்குக் கடத்தி, அங்கிருந்து கப்பலில் ஏற்றிவிட்டார். கண்ணாடிப் போத்தல்கள், இறப்பர் வளையம் வைத்த மூடி, உள்ளே கறுப்புச் சேறு. இன்னொரு முறை கேட்க முடியாது. அந்தக் குழியின் மேல் இதற்குள் கொங்கிறீட் போட்டிருப்பார்கள்.

வேராவுக்கு அந்தச் சேறு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டேன். மிளகு பிரபுக்கள் வீட்டில் மட்டும் இருந்த சாமான் இல்லை, கைத்தொழில் செய்த சனமும் அதைத் தின்றது என்று அவர் சொந்த நாட்டில் வாதாடியிருக்கிறார். ஆதாரம் எங்கே என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் அங்கே பதவியில் இருந்தார்கள். இவர் உலகத்தின் இந்த மூலையில் சிகரெட் கடித்துக்கொண்டிருந்தார்.

இந்த நாட்டுக்குள் வெளிநாட்டு மண் ஒரு பிடிகூடக் கொண்டுவர முடியாது, உங்களுக்கே தெரியும். செருப்பில் மண் ஒட்டியிருந்தாலே விமான நிலையத்தில் கழற்றச் சொல்வார்கள். சேற்றைச் சூடாக்கிக் கிருமி கொன்ற பிறகுதான் திறக்கலாம் என்றது குவாரன்டைன் இலாகா. சூடாக்கினால் விதை நாசம். வேரா மாதக்கணக்கில் சண்டை பிடித்து, கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒரு பூட்டிய அறைக்கு அனுமதி வாங்கினார். உள்ளே போக வேறு சப்பாத்து, வேறு மேலங்கி. கழுவிய தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்துத்தான் ஊற்றவேண்டும். சாப்பாட்டுச் சாமான் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த அறைக்குப் பொறுப்பு கீத் என்ற ஆய்வுகூட மேலாளர். உள்ளே போகும் உரிமை வேரா, கீத், நான் மூவருக்கும்தான். விதி மீறப்பட்டது என்று தெரிந்தால் அறையை மூடிவிடுவார்கள், மீறினவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் போத்தல்களில் எதிர்பார்த்ததே வந்தது. திராட்சை, அத்தி, ஸ்ட்ரோபெரி, கசகசா, தவிடு, எண்ணிலடங்காத களை விதை. பிறகு ஒரு காலை, பெரிய கண் தட்டின் ஓரத்தில் அது கிடந்தது. உருண்டை. கறுப்பு. மேலே வலை போட்டதுபோலச் சுருக்கம். நான் சத்தியமாகப் பெயர் சொல்லவில்லை. வரைந்தேன். எங்கள் வீட்டுக் குசினியில் தினம் பார்க்கிற சாமானைப் பெயர் தெரியாதவள் போல வரைவது எவ்வளவு பெரிய வேடிக்கை.

வேரா படத்தைப் பார்த்தார். கண்ணை நுணுக்குக்காட்டியில் வைத்தார். நிமிரவேயில்லை. கடைசியில் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்து, "இப்போது பெயர் சொல்" என்றார்.

"மிளகு" என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கிவிட்டது. என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். அழுதார். நானும் அழுதேன். மலையாளக் கரையில் ஒரு கொடியில் காய்த்து, அரபுக் கப்பலில் ஏறி, வெனிசில் இறங்கி, கழுதை முதுகில் பனிமலை தாண்டி, ஒரு தோல் பதனிடுகிறவனின் வயிற்றுக்குள் போன மிளகு. அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மறுநாள் கீத் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், குரல் உயர்த்தத் தெரியாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "குறை நினைக்காதே. உன்னில் மிளகு மணக்கிறது. கொஞ்ச நாளாகவே கவனித்தேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை.

எங்கள் சனத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறிதான் பத்தியம். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்து ஊற்றிய கறி. ஊரில் என்றால் மாதக்கணக்கில் அம்மாமார் சமைத்துப் போடுவார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? மாமி ஊரிலிருந்து பொட்டலம் பொட்டலமாகச் சரக்கு அனுப்பினார். இரவு வேலையால் வந்த மனுஷன் நித்திரையைவிட்டு அம்மியில்லாத வீட்டில் அதைக் கோப்பி அரைக்கிற மெஷினில் அரைத்து எனக்குக் கறி வைத்தார். நாலு மாதம் தாண்டியும் விடவில்லை, "பால் சுரக்கோணும்" என்று. சின்ன பிளாட், ஒரே அறைதான். என் தலைமயிர், என் கார்டிகன், பிள்ளையின் போர்வை எல்லாம் மிளகு. அந்தக் கார்டிகனைப் போட்டுக்கொண்டுதான் நான் வேலைக்குப் போனேன். வாசலில் கழற்றினேன்தான். மேலங்கி போட்டேன்தான். ஆனால் ஒரு மிளகு எவ்வளவு சின்னது?

"நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும். வியாழக்கிழமை இலாகாவிலிருந்தும் ஆள் வரும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்" என்றார் கீத்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் கனம் இருந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, அதுதான் வேதனை. வீட்டுக்குப் போய்க் கார்டிகனின் பையை வெளியே இழுத்து உதறினேன். தலையை விரித்துக் குளியல் தொட்டிக்குள் உதறினேன். மனுஷன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

"என்னப்பா, பேய் பிடிச்சிட்டுதே?"

"உங்கட கறியால என்ர வேலை போகப்போகுது."

முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது எண்டு கேப்பினம். உம்மட வேராவுக்குத் தன்ர ஆராய்ச்சிக் கவலை. நீர் ஏன் கிடந்து துடிக்கிறீர்? மிளகு எங்களுடையது இல்லையெண்டால் இல்லைத்தானே" என்றார்.

"இல்லையெண்டு எப்பிடித் தெரியும்? சொல்லுங்கோ, எப்பிடித் தெரியும்?"

பிள்ளை அழத் தொடங்கியது. நானும் அதோடு சேர்ந்துகொண்டேன்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மிளகைக் குறுக்கே வெட்டி அயடீன் ஒரு துளி விடவேண்டும். புது மிளகுக்குள் மாப்பொருள் நிறைய, ஊதாக் கறுப்பாக மாறும். அறுநூறு வருடம் சேற்றில் கிடந்ததில் மாப்பொருள் கரைந்து போயிருக்கும், நிறம் மாறாது. வேராவிடம் போய், "வெட்டிப் பார்ப்போம்" என்றேன்.

"ஒரே ஒரு மிளகு. வெட்டினால் எதைக் காட்டுவேன்?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்று அதே போத்தலின் மிச்சச் சேற்றை அரிக்கத் தொடங்கினேன். எழும்பவில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை, பால் கட்டி நெஞ்சு வலித்தது. திங்கட்கிழமை பின்னேரம் இன்னொரு உருண்டை கிடைத்தது. கையில் தூரிகையோடு கும்பிடப் போனேன். ஆனால் அது மிளகு இல்லை. கொஞ்சம் பெரிது, கபில நிறம், சுருக்கம் இல்லை, சொரசொரப்பு. உச்சியில் சின்னதாக ஒரு வளையம். கொய்யாப்பழத்தின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாருங்கள், அந்த மாதிரி, கிரீடம் போல ஒரு முடி. எங்கள் குசினியில் இப்படி ஒன்று கிடையாது. வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேரா படத்தைப் பார்த்தார். கிழிக்கவில்லை. சிகரெட் வாயிலிருந்து மேசையில் விழுந்தது, எடுக்கவில்லை. அந்த உருண்டையைச் சின்னக் குப்பியில் போட்டுத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் தன் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்கும் துறையின் விதை அலுமாரிக்கும் இடையில் கால் தேயத் தேய நடந்தேன். உச்சியில் முடியுள்ள காய் என்றால் கொய்யா, ஜம்பு, கராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் சேர்ந்த குடும்பம். அந்தக் கட்டடத்தைச் சுற்றி நின்ற லில்லிபில்லி மரங்களும் அதே குடும்பம், கீழெல்லாம் முடியோடு பழம் சிந்திக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, கடவுளே இதுவும் என் சப்பாத்தில் வந்ததோ என்று நடுங்கினேன். ஒப்பிட்டுப் பார்த்தேன், அது இல்லை. புதன்கிழமை அலுமாரியின் கீழ்த் தட்டில் ஒரு குப்பியில் அச்சொட்டாக அதே சாமான் இருந்தது. ஓல்ஸ்பைஸ். ஜமேக்காப் பக்கத்துச் சாமான். கொலம்பஸ் கப்பலேறாத காலத்தில் ஐரோப்பாவில் ஒருவரும் அதைக் கண்டிருக்க முடியாது. அப்படியென்றால் அந்தப் போத்தலுக்குள் புதுச் சரக்கு விழுந்திருக்கிறது என்பது நிச்சயம். அது எங்கள் குசினியில் இல்லையென்றால் யார் நம்பப்போகிறார்கள்? அறைக்குள் போய்வரும் மூவரில் சரக்கு மணக்கிறவள் யார்? நான்.

ஓடிப்போய் வேராவின் அறைக் கதவைத் தட்டினேன். "அது என்னவென்று தெரிந்துவிட்டது, அது ஓல்..."

"பெயர் சொல்லாதே" என்றார். "நீ வரைந்தது போதும்."

கதவைச் சாத்தினார். நான் அங்கேயே நின்றேன். எந்தச் சட்டத்தை இரண்டு வருடம் வேதமாக வைத்திருந்தேனோ அதாலேயே என் வாயை அடைத்துவிட்டார். அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஆளை மனதார வெறுத்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் துறைத்தலைவர், இலாகாவிலிருந்து வந்த ஒருவர், கீத், வேரா, நான். கீத் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். துறைத்தலைவர் என்னைப் பார்த்து, மிளகு வேலைக்குக் கொண்டுவருவதுண்டா என்று கேட்டார். இல்லை, நான் பிள்ளை பெற்றவள், எங்கள் சனத்தில் பால் சுரக்க மிளகுக் கறி தின்போம் என்று சொல்லத் தொடங்கி, மூன்று வெள்ளைக்கார ஆண்கள் முன்னால் அந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்குமுன் என் உடம்பு கூசிப்போனது. இலாகாக்காரர் தலையைக் குனிந்து எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வேரா எழுந்தார். அந்தச் சின்னக் குப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"இது அவளுடையது இல்லை. இது அவளுடைய ஊரில் இல்லை. என்னுடைய ஊரில் இருக்கிறது" என்றார். "எங்கள் நாட்டில் இதைப் புதுச் சரக்கு என்போம். வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய் போடாத வீடு கிடையாது. காடி, சதகுப்பை விதை, மிளகு, இது. என் அம்மா ஒரு போத்தலுக்கு இரண்டு போடுவாள். என் மாணவனுக்குப் போத்தல் வாங்கக் காசு கொடுத்திருக்க மாட்டார்கள். வீட்டு ஊறுகாய்ப் போத்தலைக் கழுவிச் சேற்றை அடைத்திருக்கிறான். கீத், போய் மூடியின் இறப்பர் வளையத்தைக் கிளப்பிப் பாருங்கள்."

கீத் போனார். திரும்பி வரும்போது ஒரு கண்ணாடித் தட்டில் வளையத்தைக் கொண்டுவந்தார். அதன் உட்பக்கத்தில் அந்தச் சதகுப்பை விதைகள் பச்சை மாறாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. மேசையைச் சுற்றி எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இலாகாக்காரர் தான் எழுதியதை வெட்டினார். கீத் என்னிடம் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவரில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

அதோடு வேராவின் மிளகும் போனது. ஊறுகாய்ப் போத்தலில் கிடைத்த மிளகை யார் நம்புவார்கள்? அவரே நம்பமாட்டார். கூட்டம் முடிந்து போகும்போது, "நாளைக்கு உன் வீட்டு மிளகு கொஞ்சம் கொண்டுவா. அறைக்குள் இல்லை, வெளிக்கூடத்துக்கு" என்றார்.

மறுநாள், ஊறுகாயில் கிடந்த மிளகிலும் மாப்பொருள் மிஞ்சுமா என்று அறிய, என் மிளகைக் காடியில் கொதிக்க வைத்து, ஊறுகாய் மிளகு போலாக்கி, வெட்டி அயடீன் விட்டோம். பார்த்துக்கொண்டிருக்கவே மை போலக் கறுத்தது. பிறகு வேரா சவர அலகை என் கையில் தந்தார். "நீ வெட்டு" என்றார். அவருடைய ஒரே மிளகு. அறைக்குள் போய், கீத் பக்கத்தில் நிற்க, வெட்டினேன். துளி விட்டேன். மஞ்சளாகப் பரவியது. காத்திருந்தோம். மஞ்சளாகவே இருந்தது. கறுக்கவில்லை.

"இது பழசு" என்றேன். "வேரா, இது பழசு. இது உண்மையான மிளகு."

"இருக்கலாம்" என்றார்.

"எழுதுங்கள். போத்தலைப் பற்றியும் எழுதுங்கள், அயடீனைப் பற்றியும் எழுதுங்கள். கீத் சாட்சி."

"அழுக்குப் போத்தலில் ஒரு மிளகு, அதில் பாதியில் ஒரு சோதனை. இதை வேறொருவர் என்னிடம் கொண்டுவந்தால் கிழித்துப் போடுவேன்."

என்னால் தாங்க முடியவில்லை. முந்தின நாள் வரை அந்த மிளகு புதுசென்றால் எனக்கு வேலை போகும். இப்போது அது பழசென்று கத்துகிறவளும் நான்தான். பிற்காலத்தில் மற்றவர்கள் மற்ற ஊர்க் குழிகளில் மிளகு கண்டெடுத்தார்கள், வேரா சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. அந்தக் கட்டுரைகளில் அவருடைய பெயர் இல்லை. அதற்குள் அவரும் இல்லை.

கீத் வெளியே போன பிறகு கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் வெடித்திருப்பேன்.

"திங்கட்கிழமை படத்தைப் பார்த்தவுடனேயே உங்களுக்குத் தெரியும். தெரியும்தானே?"

"தெரியும்."

"வியாழக்கிழமை வரைக்கும் ஏன் சொல்லவில்லை? நான் வீட்டில் தலைமயிரை விரித்து உதறிக்கொண்டிருந்தேன். என் புருஷன் வைத்த கறியைக் கொட்டினேன். பிள்ளைக்குப் பால் வற்றிவிட்டது. ஏன் சொல்லவில்லை?"

அவர் மேலங்கியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் நின்றார்.

"அந்த மூன்று நாளும் எனக்கு அந்த மிளகு வேண்டியிருந்தது" என்றார். "உன்னைவிட."

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அதே நேரத்தில், இதைவிட உண்மையான பதிலை அதற்கு முன்னும் பின்னும் எந்த மேலதிகாரியிடமிருந்தும் நான் கேட்டதில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இன்றும் அப்படித்தான்.

"மிச்சப் போத்தல்களை என்ன செய்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஊறுகாய்ப் போத்தல்தான். ஆனால் களை விதையை ஒருவரும் ஊறுகாய் போடுவதில்லை. அதில் ஒரு ஊரே இருக்கிறது. உனக்கு விருப்பமென்றால் அடுத்ததைத் திற. விருப்பமில்லையென்றால் துறைத்தலைவரிடம் சொல்லி உன்னை வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறேன், நல்ல சான்றிதழோடு."

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடுத்த போத்தலைத் திறந்தேன். அவரை மன்னித்து அல்ல. கோபத்தோடுதான் திறந்தேன், இறப்பர் வளையத்தை முதலில் கழற்றி.